வின்னிபெக் குளிரில் பேட்டரிக்கு ஒரு போர்வை

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி அதிசயமில்லை. பிளாக் ஹீட்டர் (எஞ்சினைச் சூடாக்கும் மின்கருவி) போட்டிருந்தும் காலையில் என் கார் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றிவிட்டு, கிளம்பாமல் நின்றுவிடும். மல்டிமீட்டரில் பேட்டரியை அளந்து பார்த்தால் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். பிளாக் ஹீட்டர் எஞ்சினைத்தான் சூடாக்கும், பேட்டரி குளிரிலேயே கிடக்கும். ஈய-அமில பேட்டரிக்குள் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். மைனஸ் 18 டிகிரியிலேயே அதன் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

அதனால் 120 வோல்ட்டில் ஓடும் பேட்டரி போர்வை ஒன்று வாங்கினேன், பேட்டரியைச் சுற்றிக் கட்டிச் சூடாக்கும் மின்போர்வை அது. முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றி, இரண்டு முனைகளிலும் படிந்த வெள்ளைப் பூச்சைத் தேய்த்து எடுத்தேன். இதைச் செய்யாமல் போர்வை மட்டும் சுற்றினால் பாதிப் பலன்தான். அப்புறம் போர்வையைச் சுற்றிக் கட்டி, வயரை விசிறி, பெல்ட், எக்ஸாஸ்ட் எதிலும் படாமல் முன்பக்கம் கொண்டுவந்தேன். வெளியில் பயன்படுத்தத் தகுந்த எக்ஸ்டென்ஷன் வயர்தான் வேண்டும். போர்வைக்கு மின்சாரம் குறைவாகவே செலவாகும் என்பதால் இரவு முழுக்க விடுகிறேன். பிளாக் ஹீட்டருக்கு டைமர் வைத்து, கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்பு ஓட விடுகிறேன். இப்போது ஒரே சுற்றில் கிளம்புகிறது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். பேட்டரிப் பெட்டி உப்பியிருந்தால் ஜம்ப் கேபிள் (வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் வயர்) போடாதீர்கள், வெடிக்கலாம்.