எலும்புக் குழியை நிரப்பும் நுண்துளைப் பீங்கானை ஆய்வகத்தில் செய்யும் முறை

கட்டியை அகற்றிய பின் எலும்பில் எஞ்சும் குழியை நிரப்ப, எலும்பின் கனிமப் பகுதியை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் பீங்கான் பயன்படுகிறது. இதற்கு அரிய கருவிகள் எவையும் வேண்டியதில்லை. கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் இடையிலான மோல் விகிதம், அதாவது அணுக்களின் எண்ணிக்கை விகிதம், 1.67இல் பிசகாமல் நிற்க வேண்டும், அவ்வளவே.

37.05 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் இட்டுக் கலக்க வேண்டும். அடிக்கடி திறந்து மூடிய பழைய பாட்டிலை எடுக்கக் கூடாது. அதிலுள்ள பொடி காற்றின் கார்பன் டை ஆக்சைடை ஏற்று ஓரளவு கார்பனேட்டாக மாறியிருக்கும், பார்வைக்கோ அதே வெள்ளைப் பொடியாகவே தெரியும், ஆனால் எடை போடும்போதே விகிதம் கெட்டுவிடும். இக்கலவை சுழன்றுகொண்டிருக்க, 0.3 மோலார் பாஸ்பாரிக் அமிலம் ஒரு லிட்டரை பியூரெட் என்னும், அடியில் திருகு உள்ள அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் ஹைட்ராக்சிஅபடைட்டுக்குப் பதில் வேறு பாஸ்பேட்டுகள் வீழ்படியும், அதாவது திண்மமாகப் பிரிந்து படியும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு 9க்குக் கீழே இறங்காதபடி அமோனியாக் கரைசல் சேர்க்கலாம். வீழ்படிவை ஒரு நாள் அப்படியே வைத்திருந்து, வடிகட்டிக் கழுவி உலர்த்தி, 900 டிகிரி செல்சியசில் சுட்டு அரைக்க வேண்டும்.

அரைத்த பொடியை, பொடியை ஒட்டவைக்கச் சிறிது பாலிவினைல் ஆல்கஹால் கரைத்த நீரில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, பாலியூரித்தேன் பஞ்சுத் துண்டை அதில் முக்கி, துளைகள் அடைபடாதவாறு மெல்லப் பிழிந்து உலர்த்த வேண்டும். எலும்பு வளர்ந்து உள்ளே புகக் குறைந்தது 100 மைக்ரான் துளை தேவை. சுடும்போது துண்டு சுருங்கும் என்பதால் பஞ்சின் துளை அதைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

600 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதமே உலையைச் சூடேற்ற வேண்டும். பஞ்சு எரிந்து வெளியேறும் வாயு வேகமாகக் கிளம்பினால் துண்டு நொறுங்கிவிடும். (நான் அதிகம் இழந்தது இந்தக் கட்டத்தில்தான்.) அதன்பின் 1,200 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் போதும்.

இப்படிக் கிடைக்கும் துண்டு விரலால் அழுத்தினாலே உடையக்கூடியது. ஆகவே உடல் எடையைத் தனியே தாங்கும் இடத்துக்கு இது ஆகாது. இடுப்பு மூட்டின் பந்துக்கு அலுமினா சார்ந்த அடர்த்தியான பீங்கானே பொருந்தும். ஆய்வகத் துண்டை உரிய உயிரியல் சோதனைகளுக்கு முன் உடலில் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

விகிதம் பிசகியதா என்று பார்க்க, சுட்ட துண்டில் சிறிதை அரைத்து நீரில் கலந்து, காரத்தைக் காட்டும் நிறங்காட்டியான பினாப்தலீன் ஒரு சொட்டு விடவும். இளஞ்சிவப்பாக மாறினால் கால்சியம் மிகுந்து, கட்டற்ற சுண்ணாம்பாக உள்ளே நிற்கிறது என்று பொருள். அது ஈரத்தை ஏற்றுப் பருத்து, சில நாட்களில் துண்டை விரிசல் விடச் செய்யும்.