பிள்ளை பார்த்ததைப் பிள்ளையே சொல்லட்டும்

உப்புவெளியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வீதியில் ஒரு விபத்து, அயலில் ஒரு சண்டை என்று எது நடந்தாலும், அதைக் கண்ட பிள்ளையின் பெற்றோர் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், இந்த வயதுப் பிள்ளை சொல்வதை நம்பலாமா?" நம்பலாம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் முதலில் யார் விசாரித்தார்கள், என்ன கேட்டார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். பிள்ளையின் ஞாபகத்தைப் பெரும்பாலும் கெடுப்பது பெரியவர்களின் வாய்தான்.

திருகோணமலை நகருக்குள் மான்கள் நடமாடுவது ஊருக்கே தெரியும். ஒரு மாலை, கடற்கரைப் பக்கமாக வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று ஒரு மானை மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தாயின் கையைப் பிடித்தபடி நின்ற என் மாணவனுக்கு ஐந்து வயது. உடனே அவன் சொன்னது இவ்வளவுதான்: "பைக் வந்தது. மான் விழுந்தது. மாமா நிற்கவில்லை." கூடியிருந்தவர்கள் விடவில்லை. "சிவப்பு பைக்தானே, மகன்?" தலையாட்டினான். "பின்னால் இன்னொருவரும் இருந்தாரா?" அதற்கும் தலையாட்டினான். மறுநாள் வகுப்பில் அவன் சொன்ன கதையில் சிவப்பு பைக்கும் இருந்தது, பின்னால் தொப்பி போட்ட ஒருவரும் இருந்தார். தாய் கண்டதோ கறுப்பு பைக், ஓட்டியவர் தனி ஆள். பிள்ளை பொய் சொல்லவில்லை. தான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வேறு வேறாக வைத்திருக்கும் திறன் அந்த வயதில் இன்னும் முற்றுவதில்லை.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் ஸ்டீபன் செசியும் அவருடன் சேர்ந்தவர்களும் 1990களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எலிப்பொறியில் விரல் அகப்பட்டதுபோன்ற, ஒருபோதும் நடக்காத சம்பவங்களைப் பற்றி முன்பள்ளிப் பிள்ளைகளிடம் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பல பிள்ளைகள் அது நடந்ததாகவே விவரமாகக் கதை சொன்னார்கள். ஒளிப்பதிவைப் பார்த்த நிபுணர்களாலும் எது உண்மை, எது இல்லை என்று பிரித்தறிய முடியவில்லை. பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாக ஆசிரியர்கள்மீது கலிபோர்னியாவில் 1983இல் தொடங்கிய மக்மார்ட்டின் முன்பள்ளி வழக்கு ஏழு ஆண்டுகள் இழுபட்டு, ஒருவரும் குற்றவாளியாகத் தீர்க்கப்படாமலே முடிந்தது. பிள்ளைகளிடம் தூண்டித் தூண்டிக் கேட்ட கேள்விகளே அந்த வழக்கின் பெரிய பலவீனம்.

சரி, உங்கள் பிள்ளை எதையோ பார்த்துவிட்டது. முதலில் கூட்டத்திலிருந்து பிள்ளையை விலக்குங்கள். தண்ணீர் கொடுங்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள், மாமி சித்தியெல்லாம் அடுத்த அறைக்குப் போகட்டும். பிறகு இப்படித் தொடங்குங்கள்: "நான் அங்கே இருக்கவில்லை ராசா, எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கும் தெரியாத ஒன்றை நான் கேட்டால், தெரியாது என்று சொல்லு. நான் பிழையாகச் சொன்னால் திருத்து." இதை ஒருமுறை பழக்கிப் பார்ப்பது மிக நல்லது. "என் அம்மம்மாவின் பெயர் என்ன?" என்று கேளுங்கள். "தெரியாது" என்றால், "சரியாகச் சொன்னாய்" என்று பாராட்டுங்கள். நம் வீடுகளில் பெரியவர் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றுதானே பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்தக் கட்டாயத்தை இந்த ஒரு வேளைக்காவது இறக்கிவைக்க வேண்டும்.

அடுத்து, "நீ பார்த்ததை முதலில் இருந்து சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். சின்னப் பிள்ளைகள் தாமாகச் சொல்வது கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தக் கொஞ்சம் போதாது என்று நாம் அவசரப்பட்டு நிரப்பப் போகும்போதுதான் எல்லாம் குழம்புகிறது. மௌனம் நீண்டால் "பிறகு?" என்று கேளுங்கள். அவன் "மாமா" என்றால் நீங்களும் "மாமா" என்றே சொல்லுங்கள். "அந்த மாமாவைப் பற்றி இன்னும் சொல்லு" என்பது நல்ல கேள்வி. "தாடி வைத்திருந்தாரா?" என்று கேட்டால் தாடியை நீங்களே ஒட்டிவிடுகிறீர்கள். "சிவப்பா, கறுப்பா?" என்ற கேள்வியும் அப்படித்தான், பச்சையைக் கண்ட பிள்ளையும் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடும்.

ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்க வேண்டாம். முதலில் சொன்னது பிழை போலிருக்கிறது என்று நினைத்துப் பிள்ளை பதிலை மாற்றும். எத்தனை மணி, எத்தனை முறை என்பதையும் இந்த வயதில் எதிர்பார்க்காதீர்கள். "அந்த நேரம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டால், கோவில் மணி அடித்தது, பாண் வண்டி வந்தது என்று பிள்ளையே நேரத்தைக் காட்டிக்கொடுக்கும். டொபி தருவதாகச் சொல்லியும் கேட்காதீர்கள்.

கேட்டு முடிந்ததும் பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளையும், திகதியையும், நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தாள் பின்னால் பெரிய உதவி.

பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்ததாகத் தெரியவந்தால் வழி வேறு. எங்கேயாவது நோகிறதா, அந்த ஆள் இப்போது பக்கத்தில் இருக்கிறாரா என்பதற்கு மேல் துருவாதீர்கள். "சொன்னது நல்லது, உன்மேல் பிழை இல்லை" என்று சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்துக்குப் போங்கள். உறவினர் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பிள்ளையைச் சொல்லவைப்பது கொடுமை. உண்மையான குற்றச்சாட்டும் அதனால் பலவீனமாகிவிடும்.

"நீதிமன்றம் சின்னப் பிள்ளையை ஏற்காது" என்று சொல்லி ஒதுங்குபவர்களை நான் விடுவதில்லை. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு வயதெல்லை எதையும் வைக்கவில்லை. கேள்வியை விளங்கிப் பதில் சொல்லக்கூடிய பிள்ளையா என்றுதான் அது பார்க்கிறது. பிள்ளையின் முதல் நேர்காணலை ஒளிப்பதிவாக ஏற்கவும் 1999ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே பொலிஸாரிடம் போகும்போது நீங்கள் எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். வழியில், "இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு" என்று பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்காதீர்கள்.