அவர் கையெழுத்து இல்லாமலே

"வீட்டை விட்டுப் போனா ஊருக்குத்தான் போகணும்" என்று மிரட்டியே கணவர் 3 வருடம் அடித்தார். அவர் அமெரிக்கக் குடிமகன், ஆனாலும் என் கிரீன் கார்டுக்காக (அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை) எந்த விண்ணப்பமும் போடவில்லை. இலவச சட்ட உதவி வழக்கறிஞர்தான் சொன்னார்: 1994-ல் வந்த வாவா (பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான) சட்டப்படி, கிரீன் கார்டுக்கு முதல் படியான ஐ-360 படிவத்தை மனைவியே தனியாகப் போடலாம். கட்டணம் இல்லை. கணவருக்குத் தகவல் போகாது.

போலீஸ் புகார் கொடுக்கவில்லையே என்று பயந்தேன். அது கட்டாயமில்லையாம். நடந்ததையெல்லாம் என் வார்த்தையில் 11 பக்கம் எழுதினேன், அழுதழுது. பக்கத்து வீட்டு அக்காவின் கடிதம், அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய காயப் படங்கள், இருவர் பெயரிலும் இருந்த வாடகை ஒப்பந்தம் சேர்த்தேன். ஒப்புதல் வந்தது, கிரீன் கார்டும் வந்தது.

விவாகரத்து ஆகியிருந்தாலும் 2 வருடத்துக்குள் போடலாம். கணவர் எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தால் இந்த வழி கிடையாது. அப்படிப்பட்டவர்களின் மனைவியாக எச்-4 விசாவில் இருக்கும் தோழிகளே, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யூ விசா பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.