டர்பனில் துணியும் ஷூவும்: அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜனவரி நடுவில் பள்ளிக்கூடம் திறக்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை ஷூ வாங்கப் போனால் பிள்ளையின் அளவு தீர்ந்திருக்கும். இருக்கிற அளவை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். தீபாவளிக்கு முந்தைய வாரமும் இதே கதைதான். நம் வீடுகளில் துணிமணிக்கு வீணாகிற பணத்தில் பெரும்பகுதி இப்படி அவசரத்தில் போகிறது என்பதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன்.

முதலில் ஷூ. காலையில் போய் அளவு பார்க்காதீர்கள். மாலைக்குள் பாதம் சற்று வீங்கும், டர்பன் வெக்கையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பிற்பகலில் போங்கள். பள்ளிக்குப் போடுகிற அதே சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டு, பிள்ளையை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். ‘வளர்ற பிள்ளைதானே’ என்று இரண்டு அளவு கூட்டி வாங்கினால் குதிகால் வழுக்கும், பின்பக்கம் மிதிபட்டு மடியும். கால் வளர்வதற்குள் ஷூ போய்விடும்.

அப்புறம் ஷூவைக் கையில் எடுத்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது, நடுப்பாதத்தில் மடிந்தால் வைத்துவிடுங்கள். அடிப்பாகம் வெறும் பசையில் நிற்கிறதா, சுற்றிலும் தையல் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

தள்ளுபடி ஷூவில் பலருக்குத் தெரியாத ஒரு ஆபத்து இருக்கிறது. இலேசான, மெத்தென்ற அடிப்பாகம் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். காற்றில் உள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போட்டு நடக்காமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சில வருடங்களில் அது பொடிப்பொடியாக உதிரும். டர்பன் கடலோர ஊர், ஈரப்பதத்துக்குக் குறைவே இல்லை. அதனால் ‘கல்யாணத்துக்கு ஆகும்’ என்று மலிவாக வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பது வேண்டாம். பழைய ஸ்டாக் என்று தெரிந்தால் அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் பாதி விலைக்குக்கூட வேண்டாம்.

நான் பட்டதையும் சொல்கிறேன். மகளுக்கு ஜனவரியில் வாங்கிய ஷூ மார்ச்சில் வாய் பிளந்தது. கடைக்கு எடுத்துப் போனேன். பையிலிருந்த ஸ்லிப் (கடை ரசீது) வெளுத்து வெறும் வெள்ளைத்தாளாகியிருந்தது. அங்கே வாங்கினேன் என்று காட்ட வழியில்லாமல் திரும்பினேன். அன்றிலிருந்து ஸ்லிப்பை வாங்கிய நிமிடமே போனில் படம் எடுத்துவிடுகிறேன். அந்தத் தாளில் அச்சு வெப்பத்தால் விழுவது. வெயிலும் நாளும் பட்டால் மறைந்துவிடும்.

ஸ்லிப் இருந்திருந்தால் சட்டம் என் பக்கம் நின்றிருக்கும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நாம், கடைக்காரர் இல்லை. ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற பலகை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. ஆனால் கடைக்கு நேரில் போய் வாங்கிவிட்டு, நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவது பெரும்பாலும் கடையின் நல்ல மனசு. அதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியார். டர்பன் துணித் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்த காலத்தில் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தவர். 1990களில் இறக்குமதித் தீர்வை குறைந்து வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தபோது அந்த வேலைகள் நிறையப் போயின. கண் மட்டும் அப்படியே இருக்கிறது. சட்டையை எடுத்ததும் உள்பக்கம் திருப்புவார். தையலுக்கு இருபுறமும் துணி விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். விட்டிருந்தால் பிறகு பிரித்துப் பெரிதாக்கலாம். தையலை இரு கையால் இழுத்து, இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பார். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். லேபிளில் முழுக்கப் பாலியெஸ்டர் என்றிருந்தால், பிப்ரவரி வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு யார் பஸ்ஸில் போவது என்று கேட்டுத் திருப்பி வைப்பார். ஃபேக்டரி ஷாப்பில் செகண்ட்ஸ் (சிறு குறையால் மலிவாக விற்கும் துணி) வாங்கும்போதும் குறை எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் பர்ஸைத் திறப்பார். குறை கைமடிப்பில் இருந்தால் சரி, அக்குளில் இருந்தால் வேண்டாம்.

கிரே தெருப் பக்கம் (இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு) துணி எடுத்துத் தைக்கிறவர்கள் மீட்டர் விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். அகலத்தையும் கேளுங்கள். 112 சென்டிமீட்டர் அகலத் துணி மீட்டர் 60 ராண்ட், 150 சென்டிமீட்டர் அகலத் துணி 75 ராண்ட் என்றால், சதுர மீட்டர் கணக்கில் இரண்டாவதுதான் மலிவு. பருத்தி என்றால் வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காய வையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, தையல் கூலியும் சேர்ந்து வீணாகும்.

கையில் பணம் இல்லாதபோது கடை அக்கவுண்ட் (கடனில் வாங்கி மாதாமாதம் கட்டும் கணக்கு) திறப்பதைத்தான் நான் மிகவும் பயத்தோடு பார்க்கிறேன். விலைச்சீட்டில் இருப்பதற்கு மேல் வட்டி, மாதக் கட்டணம், பல இடங்களில் காப்புறுதி என்று சேர்ந்துகொண்டே போகும். பிள்ளை போட்டுக் கிழித்த ஷூவுக்கு அடுத்த ஜனவரியிலும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இதற்கு மாற்று லே-பை. பொருள் கடையில் இருக்கும், நாம் சிறுகச் சிறுகக் கட்டுவோம், கட்டி முடித்ததும் எடுத்து வருவோம். நடுவில் வேண்டாம் என்று நிறுத்தினால் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கடை பிடித்துக்கொள்ளக்கூடியது முழு விலையில் அதிகபட்சம் 1 விழுக்காடு, அதுவும் முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான். தீபாவளித் துணியை ஆகஸ்டிலேயே லே-பையில் போடலாம். பள்ளி ஷூ மட்டும் அப்படி வேண்டாம், அதற்குள் கால் வளர்ந்துவிடும். அதற்கு மாதாமாதம் பணத்தை எடுத்து வைத்து டிசம்பரில் வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு நம்முடையது. வெளிநாட்டுத் தளமாக இருந்தால் ஆடைக்கான இறக்குமதித் தீர்வை 45 விழுக்காடு, அதன் மேல் வாட் வரி. திரையில் தெரியும் விலையில் இவை சேர்ந்திருக்கின்றனவா என்று பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.