பழைய ஸ்டோரை இடிப்பதற்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் செய்ய வேண்டியவை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆட்கள் குடியிருக்கிற லயத்தை, அதாவது வரிசை வீட்டை, பாரம்பரியச் சின்னமாக்கப் போகிறோம் என்று யாரும் கிளம்பக் கூடாது. ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே ஒரே காம்பராவில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வேண்டியது சொந்தக் காணியும் தனி வீடும்தான். எல்லாரும் புது வீட்டுக்குப் போன பிறகு வெறுமனே கிடக்கிற லயங்களில் ஒன்று, மூடிய ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), பழைய பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்), பிரட்டுக்களம் (காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடம்), இவைதான் இடிக்காமல் பழுதுபார்த்துக் காக்கும் நம் வேலைக்கு உரியவை.

சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு, அதாவது கண்டி ஒப்பந்தத்துக்கு, முந்தியதைத்தான் இயல்பாகவே புராதனச் சின்னமாகப் பார்க்கிறது. நம் ஆட்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867இல். ஆக, மலையகத்தில் நம் கை பட்டு எழுந்த எல்லாமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறது. பிந்தியதையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வழி உண்டு, ஆனால் யாராவது கேட்க வேண்டும். தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதுங்கள், படங்களோடு எழுதுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் பெரியவர்களிடம் உட்காருங்கள். கைப்பேசியில் குரலைப் பதிந்தால் போதும். "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்க அம்மாயி" என்று கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கட்டடத்துக்கே கூட்டிப்போய், கொழுந்தை எங்கே எடை போட்டார்கள், தராசு எந்த உத்தரத்தில் தொங்கியது, அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டால் யாரிடம் போய் நின்றீர்கள் என்று கேளுங்கள், பேச்சு நிற்காது.

அப்புறம் அனுமதி. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, நிலம் பெரும்பாலும் அரசுடையதாகவே இருக்கிறது. அதனால் துரை (தோட்ட மேலாளர்) வாயால் சரி என்றால் போதாது, துரை மாறினால் அந்தப் பேச்சும் போய்விடும். எழுத்தில் வாங்குங்கள், கிராம சேவகரையும் பிரதேச சபையையும் ஆரம்பத்திலிருந்தே உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதுபார்க்கும்போது வரிசை முக்கியம்: கூரை, பீலி (கூரைத் தண்ணீர் ஓடும் குழாய்), கான் (வடிகால்), கடைசியில்தான் சுவர். மலைப் பக்கத்துச் சுவரோடு மண் சரிந்து கிடந்தால் அதை வெட்டி எடுத்துக் கான் வெட்டாமல் வேறு எதையும் தொடாதீர்கள். கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய பழைய சுவருக்கு சீமெந்து பூசுவதுதான் நான் அதிகம் பார்க்கிற கொடுமை. ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, மழைக்காலம் முடியும்போது பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும், விரலால் தட்டினால் டொக்கென்று வெற்றொலி கேட்கும், பெயர்த்தால் பின்னாலிருக்கும் சுண்ணாம்பு மாவாகக் கொட்டும். சுண்ணாம்புக் கலவையே பூசுங்கள், அந்த வேலை தெரிந்த வயதான பாஸ் (மேசன்) ஒருவரைத் தேடிப்பிடித்து நாலு இளைஞர்களைக் கூடவே நிறுத்துங்கள். லயத்து அடுப்படிச் சுவரில் படிந்த புகைக்கரியைத் தேய்த்து வெள்ளையடிக்க வேண்டாம், அது அங்கே சமைத்தவர்களின் தடயம்.

கட்டடம் நின்றுவிட்டது, அதை என்ன செய்வது? கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோர் பெரிய ஹோட்டலாகிவிட்டது, ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் தேயிலை நூதனசாலையாக நிற்கிறது. இரண்டுமே அழகானவை, ஆனால் ஒரு தோட்டத்து ஆட்களால் அந்த அளவுக்குப் பணம் போட முடியாது. நமக்குக் கிட்டே இருக்கிற மாதிரி கம்பளைக்குப் பக்கத்து ஓல்ட் பீகொக் தோட்டத்து லயத்தில் இருக்கிற தொழிலாளர் அருங்காட்சியகம்தான். போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

உங்கள் இடத்தில் ஒரு பக்கம் பழைய கூடை, கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டும் கத்தி), செக்ரோல் (ஆட்களின் வருகைப் பதிவேடு), இன்னொரு பக்கம் மாலை வகுப்பு, முன்னால் இஸ்தோப்பில் (திண்ணையில்) ரொட்டியும் தேத்தண்ணியும் விற்கும் பெண்கள் குழு என்று வைத்தால், பயணிகள் வராத மாதத்திலும் கட்டடம் திறந்தே இருக்கும். வருமானக் கணக்கை மாதாமாதம் கோவிலிலோ வாசிகசாலையிலோ ஒட்டுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம், ஒன்றாவது பெண்கள் குழுவிடம் இருக்கட்டும்.