இரண்டாவது நிலாவை வானில் ஏற்றுமுன்

விஞ்ஞானக் கண்காட்சிக் காலம் வந்தால் எங்கள் வீட்டு விறாந்தை முழுக்க ரெஜிபோம் துகள்தான். இம்முறை மூன்று குழுக்கள் ஒரே தலைப்போடு வந்தன: பூமிக்கு இன்னொரு நிலா இருந்திருந்தால்? உயர்தரம் படித்த காலத்தில் நானும் இதே தலைப்பில் மாதிரியுரு செய்தவன். அன்று நான் விட்ட பிழைகளை இந்தப் பிள்ளைகளும் வரிசை தவறாமல் விடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருக்க முடியவில்லை. அலகு எழுத மறப்பது, நிலாவுக்குச் சொந்த ஒளி இருப்பதாக வரைவது போன்றவற்றை உங்கள் ஆசிரியரே திருத்திவிடுவார். நான் அவற்றுக்குள் போகவில்லை.

இழுவையை வைத்து வற்றுப்பெருக்கைக் கணக்கிடுவது

இந்தப் பிழையைக் கண்டால் இன்றும் எனக்குப் பொறுக்காது.

அன்று ஒரு பலகையில் களிமண்ணால் கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு வாவியைச் செய்தேன். கல்லடி, நாவலடி, பாலமீன்மடு எல்லாம் அதில் இருந்தன. நம் நிலாவின் அதே திணிவுள்ள இன்னொன்றைப் பாதித் தூரத்தில் வைத்தேன். தூரம் பாதி, ஆகவே ஈர்ப்பு நான்கு மடங்கு. பழைய நிலாவையும் கூட்டினால் ஐந்து. கடல் ஐந்து மடங்கு ஏறும் என்று முடிவு கட்டி, எந்தத் தெரு வரை தண்ணீர் வரும் என்று நீலக்கோடு போட்டேன். மூன்று கிழமை வேலை. நடுவர் பலகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "சூரியன் எங்கே தம்பி?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் கேட்டதன் பொருள் வீடு வந்த பிறகுதான் விளங்கியது. சூரியனின் திணிவு நிலாவைப்போல் ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் மடங்கு. தூரம் ஏறத்தாழ 390 மடங்கு. வர்க்கக் கணக்குப்படி சூரியன் பூமியை இழுப்பது நிலா இழுப்பதைவிட 178 மடங்கு அதிகம். ஈர்ப்புத்தான் கடலை ஏற்றுகிறதென்றால், நிலாவை யாரும் கவனிக்கவே வேண்டியதில்லை. தண்ணீர் சூரியனோடு சேர்ந்து ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு ஏற வேண்டும். முகத்துவாரத்தில் வீச்சுவலை போடுகிற எவரையும் கேட்டுப் பாருங்கள். நேற்று ஏறிய நேரத்துக்கு இன்று ஏறாது. நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். நிலா உதிப்பதும் சராசரியாக அவ்வளவுதான் பிந்துகிறது.

"சேர், ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறுதானே?" என்று போன கிழமை ஒரு பையன் விடாமல் நின்றான்.

"ஓம் மனே, ஈர்ப்பு அப்படித்தான். வற்றுப்பெருக்கு ஈர்ப்பால் வாறதில்லை, ஈர்ப்பில் உள்ள வித்தியாசத்தால் வாறது."

நிலாவைப் பார்த்திருக்கும் பக்கம் கூடுதலாக இழுபடுகிறது, மறுபக்கம் குறைவாக இழுபடுகிறது. அந்த ஏற்றத்தாழ்வுதான் பூமியின் நீரை இரண்டு பக்கமும் நீட்டுகிறது. நிலாவின் இழுவையை 100 என்று வைத்துக்கொண்டால், பூமியின் இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 7க்குக் கிட்ட வரும். சூரியனின் இழுவை 17,800. ஆனால் அது வெகுதூரத்தில் நிற்பதால் வித்தியாசம் 3 மட்டுமே. அதனால்தான் சூரியனின் வற்றுப்பெருக்கு நிலாவினுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. இழுவை தூரத்தின் வர்க்கத்தோடு குறையும். வித்தியாசம் தூரத்தின் கனத்தோடு, அதாவது மூன்றாம் அடுக்கோடு குறையும்.

ஆக, பாதித் தூரத்து நிலா தருவது நான்கு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. மூன்றிலொரு தூரத்தில் வைத்தால் 27 மடங்கு. வற்றுப்பெருக்குக் கணக்கு பிழைத்தால் எந்த ஊர் மூழ்கும், எந்த உயிர் கரையேறும், எங்கே துறைமுகம் கட்டலாம் என்று அதன் மேல் நீங்கள் கட்டிய அத்தனையும் பிழைக்கும். என் நீலக்கோட்டில் ஓர் அங்குலம்கூடச் சரியில்லை.

கூட்டும்போதும் கவனம் வேண்டும். இரண்டு நிலாவும் ஒரே நேர்கோட்டில், பக்கத்தில் பக்கமாகவோ எதிரெதிராகவோ நின்றால் எட்டும் ஒன்றும் ஒன்பது. செங்கோணத்தில் நின்றால் எட்டில் ஒன்று போய் ஏழு. உள் நிலா 9.7 நாளில் ஒரு சுற்று வரும். ஆகவே ஏறக்குறைய ஏழரை நாளுக்கு ஒருமுறை ஒன்பது. "சில நாட்களில் ஒன்றையொன்று வெட்டிவிடும், கடல் அசையாது" என்று ஒரு குழு எழுதியிருந்தது. வெட்டாது. இந்த மடங்குகள் ஆழ்கடலுக்குப் பொருந்தும்; கரையின் வடிவம் இன்னும் மாற்றும். ஒரே நிலாவின் கீழ் நமது கரையில் ஏற்றமிறக்கம் ஒரு மீற்றருக்குள் அடங்குகிறது, கனடாவின் பண்டி குடாவில் 16 மீற்றர் வரை போகிறது.

இரவே இல்லாமற்போகும் என்பது

போகாது. சூரியன் பூரணை நிலவைவிட ஏறக்குறைய 4 இலட்சம் மடங்கு பிரகாசம். பாதித் தூரத்து நிலா நான்கு மடங்கு வெளிச்சம் தரும். வர்க்கக் கணக்குக்குச் சரியான இடம் இதுதான்.

எல்லா நிலாவும் கிழக்கே உதிக்கும் என்பது

பூமியின் மையத்திலிருந்து 42,000 கிலோமீற்றருக்கு உள்ளே சுற்றுவது மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். செவ்வாயின் நிலாவான போபொஸ் அப்படித்தான் செய்கிறது.

வைத்த இடத்திலேயே நிற்கும் என்பது

நம் நிலாவே ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப்போகிறது. அப்பொல்லோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பவிட்டு அளந்த கணக்கு அது. பூமியின் வற்றுப்பெருக்குத்தான் அதை வெளியே தள்ளுகிறது. கிட்ட இருக்கும் நிலா இன்னும் விரைவாகத் தள்ளப்படும். வெளியே இருப்பதை நெருங்கும். பிறகு மோதலாம், ஒன்று எறியப்படலாம். நம் நிலாவின் மறுபக்கம் மேடாக இருப்பதற்கு, ஒரு காலத்தில் கூட இருந்த சிறு நிலா ஒன்று மெதுவாக வந்து மோதி அப்பிக்கொண்டதே காரணமாகலாம் என்று ஜுட்சி, அஸ்பாக் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 2011இல் ஒரு கருதுகோள் வைத்தார்கள். நிரூபணமான செய்தி அல்ல. ஆனால் இரண்டு நிலாவைப் பற்றி எழுதுகிறவர் அறியாமல் இருக்கக்கூடாது.

ஒரே பஞ்சாங்கம் போதும் என்பது

உள் நிலாவுக்குப் பத்து நாளுக்கொரு பூரணை. திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலான 12 பாகைக் கணக்கு. ஆகவே இரண்டு திதி ஓடும். வைகாசிப் பூரணையை ஒட்டி வரும் கண்ணகி அம்மன் சடங்குக்கு எந்தப் பூரணை? காத்தான்குடியில் நோன்புக்கு எந்தப் பிறை? "திங்கள்" என்று மாதத்துக்கே நிலாவின் பேரை வைத்த மொழி நம்முடையது. இந்தப் பகுதியை வெறும் இரண்டு வரியில் தாண்டாதீர்கள், உங்கள் கட்டுரை உயிர் பெறுவது இங்கேதான்.

செய்தியில் வந்த "இரண்டாம் நிலா"

2024இல் சிலகாலம் பூமியருகே வந்துபோனது பத்து மீற்றர் அளவுச் சிறுகோள். விட்டுவிடுங்கள்.

மட்டக்களப்பு இப்படியே இருக்கும் என்பது

மூன்று குழுவும் இதே வாவியைச் செய்து, மேலே ஒரு நிலாவைக் கூடுதலாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நமது வாவி வாவியாக இருப்பதே கடலின் ஏற்றமிறக்கம் சிறியது என்பதால்தான். கோடையில் ஆற்றுநீர் குறைந்ததும் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது. மாரி வெள்ளம் வந்தால் மீண்டும் திறக்கிறது. பல மடங்கு பெருக்கு நாளுக்கு இருமுறை உள்ளே புகுந்து வெளியேறினால் அந்த மணல் அங்கே தங்காது. கண்ணாப் பற்றைகள் (கண்டல் தாவரங்கள்) உள்நாட்டுக்குள் வெகுதூரம் போகும். நீர் வற்றும்போது பல மைல் சேறு தெரியும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் காது வைத்துக் கேட்கும் அந்த அமைதியான ஆழநீர் இருக்காது.

நேற்று ஒரு குழு வந்தது. முகத்துவாரத்து மணல் திடலைப் பிடுங்கி எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் சேற்றுத்தரை வைக்கலாமா என்று கேட்டார்கள். வைக்கச் சொன்னேன்.