கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது வரும் ‘டக்’ சத்தம்: பைப்வயர் செய்முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டு அலமாரியைக் குடைந்தால் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகள் கிடைப்பது சாதாரணம். கம்பன் விழாப் பேச்சு, கல்யாண வீட்டு நாகஸ்வரம், ஆச்சி பாடிய தாலாட்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும். எங்கள் வீட்டுப் பெட்டியை ஏற்ற உட்கார்ந்தபோது நாடாக்கள் சமர்த்தாக ஓடின. உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட மேசைக் கணினிதான் மக்கர் செய்தது. பேச்சின் நடுவே ‘டக், டக்’ என்று சத்தம். முப்பது நாற்பது வருடத்து நாடாவை மறுபடி மறுபடி ஓட்டித் தேய்க்க மனம் வராது. ஆகவே நாடாவைத் தொடும் முன், கணினியில் ஒலியைப் பங்கிடும் மென்பொருளான ஆடியோ சர்வரைச் சரிசெய்துவிடுங்கள்.

கேசட் பிளேயரின் லைன் அவுட்டை யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் (வெளி ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் பெட்டியில்) செருகுவதும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவுச் செயலியை நிறுவுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டவும்.

படி 1: ஒலி யார் கையில்?

லினக்ஸில் ஒலிக் கருவியோடு நேரடியாகப் பேசுவது கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) இருக்கும் அல்சா. அதற்கு மேலே இருந்துகொண்டு பிரவுசர், ஆடாசிட்டி, வீடியோ எல்லாவற்றுக்கும் ஒலியைப் பங்கிட்டுத் தருவது ஆடியோ சர்வர். முன்பு பொதுப் பயனுக்குப் பல்ஸ்ஆடியோ, இசைப்பதிவுக்கு ஜாக் என்று இரண்டு இருந்தன. இரண்டின் வேலையையும் சேர்த்துப் பார்க்க வந்தது பைப்வயர். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் 2021இல் 34ஆம் பதிப்பிலேயே அதற்கு மாறிவிட்டது. உபுண்டு 2022 அக்டோபரில் வந்த 22.10 பதிப்பில் மாறியது.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உபுண்டு 22.04இலும் பைப்வயர் உண்டு. அதன் நிலையைக் கேட்டால் ‘ஆக்டிவ்’ என்று பச்சை எழுத்தில் பதிலும் வரும். ஆனால் அந்தப் பதிப்பில் அது இருப்பது திரைப்பகிர்வு போன்ற வீடியோ வேலைக்கு. ஒலி இன்னும் பல்ஸ்ஆடியோவிடம்தான். இதை அறியாமல் பைப்வயர் அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் சத்தத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. அடுத்த வீட்டு மின்பெட்டியில் சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிற கதைதான்.

எனவே முதல் கட்டளை ‘பிஏசிடிஎல் இன்ஃபோ’. வருகிற பதிலில் ‘சர்வர் நேம்’ வரியைப் பாருங்கள். ‘பல்ஸ்ஆடியோ’ என்பதோடு ‘ஆன் பைப்வயர்’ என்றும் இருந்தால் இரண்டாம் படிக்குப் போகலாம். வெறும் ‘பல்ஸ்ஆடியோ’ மட்டும் இருந்தால் பழையவர் கையில்தான் சாவி.

மாற்றுவதற்கு ‘பைப்வயர்-பல்ஸ்’ (பல்ஸ்ஆடியோவின் இடத்தில் நிற்பது), ‘வயர்பிளம்பர்’ (எந்தக் கருவி எதோடு இணைய வேண்டும் என்று பார்ப்பது) ஆகிய தொகுப்புகளை நிறுவ வேண்டும். பிறகு பல்ஸ்ஆடியோவை நிறுத்த வேண்டும். அதைக் ‘கில்’ செய்தால் போதும் என்று தோன்றும்; செய்து பாருங்கள், சில நொடியில் எழுந்து வந்துவிடும். காரணம், அதற்கு ‘சர்வீஸ்’, ‘சாக்கெட்’ என இரண்டு அலகுகள். சர்வீஸை நிறுத்தினாலும் சாக்கெட் காத்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு செயலி ஒலி கேட்டவுடன் சர்வீஸை எழுப்பிவிடும். ஆகவே ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளையில் ‘டிஸேபிள்’, ‘நவ்’ இரண்டையும் சேர்த்து, பல்ஸ்ஆடியோவின் சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் ஒரே வரியில் முடக்குங்கள். அடுத்து அதே இரண்டையும் ‘மாஸ்க்’ செய்யுங்கள்; அப்போதுதான் வேறு எதுவும் அவற்றை எழுப்ப முடியாது. பிறகு பைப்வயர்-பல்ஸை ‘எனேபிள்’ செய்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

‘சிஸ்டம்சிடிஎல்’ சொல்லை அடுத்து இரண்டு சிறுகோடும் ‘யூசர்’ என்ற சொல்லும் கட்டாயம். முன்னால் ‘சூடோ’ (நிர்வாகி அதிகாரம் கேட்கும் சொல்) கூடவே கூடாது. இவை உங்கள் கணக்கின் கீழ் ஓடும் சேவைகள். சூடோ போட்டால் கட்டளை நிர்வாகியின் ரூட் கணக்கில் போய்த் தேடும்.

என்னைக் கேட்டால், 22.04இல் இவ்வளவு பாடுபடுவதைவிட 24.04க்கு மாறிவிடுவது மேல். ஜாக்கைத் தனியாக நிறுவச் சொல்லும் பழைய குறிப்புகளையும் ஒதுக்கிவிடுங்கள். இந்த வேலைக்கு அது தேவையில்லை.

படி 2: உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்தல்

‘பாவுகண்ட்ரோல்’ என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியை நிறுவுங்கள். டெஸ்க்டாப்போடு வரும் ஒலி அமைப்புப் பக்கத்தை நான் நம்புவதில்லை. பாதி விவரத்தை மறைத்துவிடும். பாவுகண்ட்ரோலின் ‘ரெக்கார்டிங்’ பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். ஆடாசிட்டியில் பதிவு ஓடும்போதுதான் அங்கே அதன் பெயர் தோன்றும். அப்போது உங்கள் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். ‘மானிட்டர் ஆஃப்’ என்று தொடங்கும் பெயரைத் தேர்ந்தால் கேசட்டுக்குப் பதில், கணினியில் ஓடும் ஒலிதான் பதிவாகும்.

ஆடாசிட்டிக்குள் கருவியாக ‘டிஃபால்ட்’ அல்லது ‘பல்ஸ்’ இருக்கட்டும். வன்பொருளின் பெயரை நேரடியாகத் தேர்ந்தால் சர்வரோடு சண்டை வந்து, கருவி வேறு வேலையில் இருக்கிறது என்று பிழை வரக்கூடும்.

படி 3: பஃபரைக் கூட்டுங்கள்

பஃபர் என்பது ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக் கொடுக்கும் இடைத்தேக்கம். இணையத்தில் எங்கே தேடினாலும் ‘பஃபரைக் குறை’ என்பார்கள். பாடிக்கொண்டே தன் குரலைக் கணினி வழியாகக் கேட்பவருக்கு அது சரி. கேசட் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஒலி தாமதமாக வந்தால் நமக்கு என்ன நட்டம்?

பைப்வயரின் இயல்பான பஃபர் 1024 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்), வேகம் நொடிக்கு 48,000 மாதிரிகள். அதாவது சுமார் 21 மில்லிநொடி. இதை 2048 ஆக்கினால் சுமார் 43 மில்லிநொடி. கணினிக்கு மூச்சுவிட இரட்டிப்பு நேரம். ‘பிடபிள்யூ-மெட்டாடேட்டா’ கட்டளையில், ‘செட்டிங்ஸ்’ என்ற தொகுதியின் கீழ் ‘கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம்’ மதிப்பை 2048 ஆக்குங்கள். பைப்வயரை மறுதொடக்கம் செய்தால் இந்த மாற்றம் தானே போய்விடும். அதனால் பயமின்றிச் செய்து பார்க்கலாம். 0 கொடுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

படி 4: ‘பிடபிள்யூ-டாப்’

கேசட் இல்லாமலே ஒரு கால் மணி நேரம் சோதனைப் பதிவு ஓடட்டும். பக்கத்து டெர்மினலில், பைப்வயரின் வேலையைக் காட்டும் ‘பிடபிள்யூ-டாப்’ ஓட விடுங்கள். ‘ஈஆர்ஆர்’ (பிழை எண்ணிக்கை) என்ற நெடுவரிசைதான் முக்கியம். பதிவு தொடங்கும்போது அதில் ஒன்றிரண்டு ஏறினால் பொருட்படுத்த வேண்டாம். நடுவில் ஏறினால் கணினி நேரத்துக்கு ஒலியை எடுத்துக் கொடுக்கவில்லை என்று பொருள். இன்டர்ஃபேஸை ஹப்பிலிருந்து எடுத்துக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள், மின்சேமிப்பு நிலையை அணையுங்கள், பிரவுசரை மூடுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தால் குற்றவாளி யார் என்று தெரியாமல் போகும், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

அந்த எண் அசையாமலே ‘உம்ம்ம்’ என்ற இரைச்சல் மட்டும் கேட்டால் சர்வர் நிரபராதி. அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். பழைய வீடுகளில் எர்த் இணைப்பே இல்லாத பிளக் பாயின்டுகள் உண்டு. எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பின்சேர்க்கை: பதிவைத் தொடங்கியதும் ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி தொலைபேசி போல மங்கிவிடுகிறது என்று பள்ளத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தும் நிலைக்குச் சர்வர் தாவுவதால் வருவது இது. பாவுகண்ட்ரோலின் ‘கான்ஃபிகரேஷன்’ பக்கத்தில் இசை கேட்பதற்கான ‘ஏ2டிபி’ நிலையைத் தேர்ந்தால் சரியாகும். கம்பி ஹெட்போன் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று: வயர்பிளம்பருக்கு ‘லுவா’ நிரல்மொழிக் கோப்பில் எழுதிய அமைப்புகள் வேலை செய்யவில்லை என்றால் உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2024இல் வந்த 0.5 பதிப்பிலிருந்து அமைப்புக் கோப்புகளின் வடிவமே மாறிவிட்டது, உபுண்டு 24.04இல் இருப்பது அதற்கு முந்தைய 0.4 வரிசை. குறிப்பு எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டு நகலெடுங்கள்.